ஆணியின் பதில்

உறைந்துபோன அருவியின் மேல் கோடரி, ஆணி, கயிறு மூன்றும் ஏறிக்கொண்டிருந்தன. நெடுநாள் நண்பர்கள். கோடரி முன்னே கொத்தி ஏறும். ஆணி பனிக்கட்டிக்குள் திருகி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கயிறு அந்த ஆணியை நம்பிக் கோடரியைத் தாங்கும். ஒவ்வொரு முறையும் கயிறு, "கெட்டிதானே?" என்று கேட்பது வழக்கம்.

பாதி உயரத்தில் ஆணி சொன்னது: "பனிக்கட்டிக்குள்ளே தண்ணி ஓடுது, பிடிப்பு நிக்காது. கீழே இறங்கிடலாம்."

"ஆரம்பிச்சுட்டான்யா!" என்றது கோடரி. "போன தடவையும் இதையேதான் சொன்னே. மேலே போய் வெயில் காய்ஞ்சோமா இல்லையா?"

குளிரில் விறைத்திருந்த கயிறும் சிரித்துவிட்டது.

அடுத்த இடத்தில் ஆணி திருகி உள்ளே இறங்கியபோது, மெல்லிய பனிப்பாளத்துக்குப் பின்னால் பிடிக்க ஒன்றுமே இல்லை.

"கெட்டிதானே?" என்று கயிறு கேட்டது.

கோடரி மேலிருந்து திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

"கெட்டி," என்றது ஆணி.

சற்று மேலே ஏறியதும் கோடரி சறுக்கியது. கயிறு இறுகியது. ஆணி பாளத்தோடு பெயர்ந்து வந்தது.

அடிவாரத்தில் பனி அவர்களை மூடத் தொடங்கியபோது கயிறு கேட்டது: "உனக்கு முன்னமே தெரியுமாடா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லலே?"

ஆணி கோடரியைப் பார்த்தது. அது இரண்டாக முறிந்து கிடந்தது.

"அவன் சிரிப்பானேன்னுதான்."