மூன்று அணு கனம்

மூன்று அணு கனமே உள்ள அந்தப் படலத்தை அமிலத்தில் ஊறவைத்து, அணுக்கள் விட்டுப்போன ஓட்டைகளை அடைத்து, முதன்முறையாக ஒளிரச் செய்திருந்தாள் ஆராய்ச்சி மாணவி யாழ்மொழி. வெறும் கண்ணுக்கு அது கண்ணாடித் துண்டின் மேல் ஒரு மங்கல் கறைதான்.

பார்வையிட வந்தவர்களிடம் பேராசிரியர் தணிகாசலம், “எல்லாம் என் யோசனை. இந்தப் பொண்ணு அமிலத்துல முக்கி எடுத்தா, அவ்வளவுதான். பாத்திரம் கழுவுற வேலைதானே!” என்று சிரித்தார். கண்ணாடித் துண்டை எடுத்தவர், “ஒரே அழுக்கு” என்று கைக்குட்டையால் அழுத்தித் துடைக்கப் போனார். தடுக்க நீண்ட கையை யாழ்மொழி இழுத்துக்கொண்டாள். அவர் துடைத்து, கைக்குட்டையைப் பாக்கெட்டில் திணித்தார்.

அவள் பல்லைக் கடித்தபடி துண்டை வாங்கி நுண்ணோக்கியில் வைத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரே இருட்டு.

“எங்கம்மா வெளிச்சம்?” என்றார் பேராசிரியர்.

“உங்க பாக்கெட்ல இருக்கு, சார்.”