நாற்பத்தெட்டு மணி நேரம்

"இன்னும் கொஞ்சம் வெளுக்காதா டாக்டர்?"

பல் நாற்காலியில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை மூன்றாவது தடவையாகக் கேட்டான். நாளை மறுநாள் அவனுக்குக் கல்யாணம்.

"பதினஞ்சு நிமிஷம் வீதம் மூணு தடவை மருந்து வெச்சாச்சு. நாலாவது கிடையாது. பல் என்ன சுவரா, கோட்டிங் மேல கோட்டிங் அடிக்க?" என்றார் டாக்டர்.

மருந்து படாமலிருக்க ஈறுகளின்மேல் பூசியிருந்த நீலப் பசையை உரித்தெடுத்தார். நிறம் பார்க்கும் பட்டையை அவன் வாயருகே பிடித்தார். அதில் வெள்ளையிலிருந்து பழுப்பு வரை வரிசையாகப் பதினாறு மாதிரிப் பற்கள். வரும்போது பன்னிரண்டாவது பல்லோடு ஒத்துப்போனவன், இப்போது நாலாவதோடு ஒத்துப்போனான்.

"எட்டுப் படி ஏறியிருக்கீங்க."

கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கினான். நேராக ஒரு இளிப்பு. இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று.

"எப்படிக்கா இருக்கு?" என்று உதவியாளர் அக்காவைக் கேட்டான்.

"லைட்டை அணைச்சிடலாம் தம்பி. அவ்வளவு வெளிச்சம்."

டாக்டர் ஒரு சீட்டை நீட்டினார். "நல்லாக் கேட்டுக்குங்க. இப்போ பல்லு எந்தக் கறையையும் சட்டுனு இழுத்துக்கும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு காபி, டீ, கோலா, பீட்ரூட், திராட்சை ஜூஸ் எதுவும் தொடக்கூடாது. மொத்தம் பதினொண்ணு எழுதியிருக்கேன்."

"கல்யாணம் முடியற வரைக்கும் வெறும் தண்ணிதான் டாக்டர்! போட்டோ எடுக்கறவர் கண்ணு கூசணும்!"

அடுத்து, அவனோடு வந்திருந்த கல்யாணப் பொண்ணு உட்கார்ந்தாள். டாக்டர் அவள் பல்மேல் லேசாகக் காற்றை அடித்தார். அவள் ஒரு சாண் துள்ளினாள்.

"பல்லுல என்ன தேய்ச்சீங்க?"

"எலுமிச்சம்பழமும் சோடா உப்பும். ஒரு வீடியோல சொன்னாங்க."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா. ரெண்டு வேளை."

"இருபது தடவை!" டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "பல்லோட மேல்பூச்சே தேஞ்சிருக்கும்மா. இதுமேல மருந்து வெச்சா சுள்ளுனு உள்ளே இழுக்கும். மேடையில நீங்க நிக்க முடியாது. முதல்ல இது தேறட்டும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்."

"ரெண்டு நாள்ல கல்யாணம் டாக்டர்."

"அதனாலதான் மாட்டேங்கறேன்."

பொண்ணு கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவனின் பல்லைப் பார்த்தாள்.

"சரி, பரவாயில்ல. வாயை மூடிக்கிட்டே போட்டோவுக்கு நிக்கறேன்" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வாயை மூடிக்கிட்டு இருக்கிற பொண்டாட்டி எத்தனை பேருக்குக் கிடைப்பா!" என்றான் அவன். "போட்டோவில எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க."

"போடா, டியூப்லைட்டு!"

கைப்பையால் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, தையல்கடைக்கு நேரமாகிறது என்று அவள் தனியாகக் கிளம்பிவிட்டாள். அவனும் இளித்தபடி படியிறங்கினான்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "பார்த்தீங்களா டாக்டர்? அந்தப் புள்ள முகம் அப்படியே வாடிப்போச்சு. ஒரு வார்த்தை ஆறுதலாச் சொன்னானா? எந்நேரமும் தன் பல்லு, தன் போட்டோ!"

"நமக்கு எதுக்குக்கா? நம்ம பொறுப்பு பல்லோட சரி."

நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

"டாக்டர்! ஜன்னல்கிட்ட ஓடி வாங்க!"

எதிர்ச்சாரி காபிக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளை. மேஜையில் மூன்று காலிக் கோப்பைகள், கையில் நாலாவது. பால் இல்லாத கறுப்புக் காபி. அதையும் சும்மா குடிக்கவில்லை. வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றிக் கொப்பளித்து, விரல்விட்டுப் பத்து எண்ணிய பிறகே விழுங்கினான்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டு மாடி இறங்கி, ரோட்டைத் தாண்டினார். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"என்ன பண்ணிட்டிருக்கீங்க? ஒண்ணரை மணி நேரம் குனிஞ்சு நின்னு செஞ்ச வேலை! எது எது கூடாதுன்னு சீட்டுல எழுதித்தானே குடுத்தேன்?"

"ஆமா டாக்டர். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் பண்ணினேன். திராட்சை ஜூஸ் இப்போ வரும். பீட்ரூட் இல்லைன்னுட்டாங்க."

"விளையாடறீங்களா? கறை ஏறிடும்!"

"ஏற மாட்டேங்குதே டாக்டர்! நாலு கப் ஆச்சு. நீங்க வேலையை இவ்வளவு நல்லா செஞ்சிருக்க வேண்டாம்."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைத்தாள். "பல்லுக்குப் பதிலா மூளையை வெளுத்துட்டோமா டாக்டர்?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருந்த செல்போனை அவர்கள் பக்கம் திருப்பினான். திரையில் கல்யாணப் பொண்ணு, அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை ஒட்டித் தன் வாயைக் கொண்டுபோய் 'ஈ' என்று காட்டினான்.

"மேடையில இவ கையை எடுத்துட்டு சிரிக்கணும் டாக்டர். நீங்களே பார்த்துச் சொல்லுங்க, இவ நிறத்துக்கு நான் இறங்கி வர இன்னும் எத்தனை கப் ஆகும்?"