நாலு மணி கிளாஸ்

"அக்கா எழும்ப முடியாம கெடக்கா. ஒங்களுக்கு கீபோர்டு கிளாஸா அத்தான்?"

எட்சன் கேட்டான். ரசலையன் கண்ணாடி முன் நின்று, மிச்சமிருந்த நாலு முடியைச் சீவினார். அறுபத்தெட்டு வயது.

எட்சன் மஸ்கட்டிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. நேசம்மாள் அவனுக்கு ஒரே அக்கா. முதுகெலும்பில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அத்தானைப் பற்றிப் பக்கத்து வீட்டு பிரீனா நேற்றே சொல்லியிருந்தாள்.

"மொதல்ல பத்து நாள் கேக்கு கிளாஸ். பொறவு ஒரு மாசம் படம் வரையுதது. இப்பம் கீபோர்டு. இனி பியூட்டி பார்லர் கிளாஸ்தான் பாக்கி. திரும்பி வரும்போ தெருமுனையிலேயே ஹாரன் அடிச்சுகிட்டுல்லா வாராரு, புது மாப்பிள மாதிரி!"

ரசலையன் பையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

"நேசம், போயிட்டு வாறேன்."

"ஒழுங்கா படிங்க. டீச்சர் அடிச்சா நான் வந்து கேக்க மாட்டேன்" என்று சிரித்தாள் நேசம்மாள்.

ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்தது. சுவரில் அத்தான் வரைந்த படம் ஒன்று தொங்கியது.

"அது என்னக்கா, செருப்பா?"

"ஏலே, அது படகாக்கும்." மீண்டும் சிரித்தாள். "எட்சா, நீயும் ஜங்ஷன்ல போயி ஒரு டீ குடிச்சிட்டு வா. அஞ்சு மணிக்கு வந்தா போதும்."

"ஒன்ன தனியா விட்டுட்டா?"

"போன் கையிலதான இருக்கு. போ மக்கா."

போனான். பாதி வழியில் பர்ஸை எடுக்காதது நினைவுக்கு வந்து திரும்பினான்.

வாசலில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே நேசம்மாள் கத்திக்கொண்டிருந்தாள். "யேசப்பா... முடியல்லியே... என்ன எடுத்துரும்..."

ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தான். "மாத்திரை போடல்லியாக்கா?"

"போட்டேன். அடங்கல்ல." மூச்சு வாங்கினாள். "ஏன் வந்த நீ?"

அவன் அழுதான். மஸ்கட்டிலிருந்து வாரம் ஒருமுறை போன் செய்து வலி எப்படி என்று கேட்பான். கொறஞ்சிருக்கு மக்கா என்பாள். நம்புவது அவனுக்கும் வசதியாக இருந்தது.

"அவரு முன்னால நான் முகம் சுளிச்சா, அந்த மனுசன் அன்னைக்கு பட்டினி. அதான் நானே ஒவ்வொரு கிளாஸா பாத்துச் சேத்துவிடுதேன். இந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு வாய்விட்டு அழக் கிடைக்கு. அத்தான்கிட்ட சொல்லீராத. அவராவது சந்தோசமா படிக்கட்டும்."

"சரிக்கா."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இருவது நிமிசம் இருக்கு. நீ போ மக்கா. கதவச் சாத்திட்டுப் போ."

கதவைச் சாத்திவிட்டு நடந்தான். எங்கே போவது என்று தெரியவில்லை.

தெருமுனையில், பூட்டிக் கிடந்த கடையின் நிழலில் ஸ்கூட்டர் நின்றது. அதன் மேல் ரசலையன் உட்கார்ந்திருந்தார். பை மடியில். விரல்கள் பையை அழுத்திப் பிடித்திருந்தன.

"கிளாஸுக்குப் போகல்லியா அத்தான்?"

"போனேன். கிளாஸ அரை மணி நேரமா கொறச்சிட்டாங்க. அவகிட்ட ஒரு மணி நேரம்னே சொல்லி வச்சிருக்கேன்."

எட்சன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கேக்கு கிளாஸ் மொத நாளே சீக்கிரம் முடிஞ்சுட்டு. வாசல் வரைக்கும் வந்தேன், கேட்டுது. உள்ள போகல்ல." வீட்டுப் பக்கம் பார்க்காமலே கேட்டார். "இப்பம் அழுகை நின்னுட்டா?"

எட்சன் இல்லை என்று தலையசைத்தான்.

"அப்பம் கொஞ்சம் கழிச்சு ஹாரன் அடிக்கேன்" என்றார் ரசலையன். "கேட்டுட்டு முகம் துடைக்க அவளுக்கு ரெண்டு நிமிசம் வேணும்."