சேவலுக்கு வந்த போட்டி

தினமும் விடியலில் எழுந்து சலித்துப்போன சேவல், தன் கூவலைப் பதிவு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று மைக்கிடம் வந்தது. வந்ததும் அலகால் இரண்டு தட்டு தட்டி, "ஃபூ, ஃபூ" என்று ஊதியது.

"ஊதாதீங்க அண்ணே. ஒரு சாண் தள்ளி நின்னு, கொஞ்சம் பக்கவாட்டில் கூவுங்க" என்றது மைக்.

"எனக்கே கூவச் சொல்லித் தர்றியா?" என்ற சேவல், மைக்கோடு அலகை ஒட்டிவைத்துக் கூவியது. போட்டுக் கேட்டால், தகர ஷீட்டைத் தரையில் இழுப்பதுபோல் இருந்தது.

கோபத்தில் கூரைமேல் ஏறிக் கூவியது. மைக்குக்குப் பக்கத்தில் நின்ற கோழிகள் பேசியதுதான் தெளிவாகப் பதிவாகியிருந்தது: "இந்தக் குரலுக்கா இவ்வளவு அலட்டல்?"

சிவந்த கொண்டை இன்னும் சிவக்க, சேவல் இறங்கி வந்தது. ஒரு சாண் தள்ளி நின்று, பக்கவாட்டில் திரும்பிக் கூவியது.

மறுநாள் விடியலில் ஸ்பீக்கர் கணீரென்று கூவியது. தூங்கிக்கொண்டிருந்த சேவல் துள்ளி எழுந்து பதிலுக்குக் கூவியது. ஸ்பீக்கர் விடவில்லை, சேவலும் விடவில்லை. கடைசியில் தொண்டை கட்டி, மூச்சிரைக்க மைக்கிடம் ஓடி வந்தது.

"எவன்டா அவன், என் வீட்டுக்கே வந்து கூவுறவன்?"

"தெரியலையே அண்ணே" என்றது மைக். "ஆனா, சொன்ன பேச்சு கேக்கிறவன்."