ஈரக் கைக்கு ஒரு சாக்கெட்

வாஷ்பேசினுக்கு ஒரு முழம் தள்ளிச் சாதாரண பிளக் பாயிண்ட். பார்த்ததுமே எலக்ட்ரீஷியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் ஈரக் கையோடு ஷேவரைச் செருகப் போய், வீட்டுக்காரர் ஷாக் அடித்து இங்கேதான் விழுந்து இறந்தார்.

"எடுத்துட்டு மூடிடறேம்மா. தனியா இருக்கீங்க, இனிமே எதுக்கு?"

"மூட வேண்டாம் தம்பி. ஷாக் அடிக்காததாப் பாத்துப் போட்டுக் குடுங்க" என்றாள் அவர் மனைவி.

அவன் மெயினை அணைத்தான். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேலை முடியும்வரை அதை யாரிடமும் தரமாட்டான். பழைய சாக்கெட்டைக் கழற்றிக் கையில் எடுத்தபோது மணி ஏழரை. அலமாரியில் வயர் சுற்றி வைத்திருந்த ஷேவர் உறும ஆரம்பித்தது. இரண்டு நிமிடம் ஓடி நின்றது. பேசினில் நரைமுடித் துகள்கள் கிடந்தன.

அவள் குழாயைத் திறந்து அவற்றைக் கழுவிவிட்டாள். "ஒரு நாள் தவறமாட்டார், தம்பி."

அவன் புது ஷேவர் சாக்கெட்டைப் பொருத்தினான். ஃபியூஸைப் போட்டு மூன்று முறை சோதித்தான். பிறகு கண்ணாடியைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

"இனிமே பயமில்ல சார். இருந்தாலும் கையத் துடைச்சுக்கிட்டுத் தொடுங்க."

பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். கம்பியில் அதுவரை உலர்ந்து தொங்கிய துண்டில் இப்போது இரண்டு உள்ளங்கைகளின் ஈரம் இருந்தது.