பூங்காவின் பூட்டு

ஒரு சின்ன ஊரில் முதன்முதலாகப் பூங்கா கட்டி முடித்தார்கள். திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதருக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. அதனால் கேட்டில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது.

"பிள்ளைங்க எப்பண்ணே வருவாங்க?" என்று உள்ளேயிருந்து சறுக்குமரம் கேட்டது. "இப்படியே நின்னா துருப்பிடிச்சுப் போயிடுவேன்."

"முதல்ல ரிப்பன் வெட்டணும், அப்புறம் நான் திறக்கணும். அதுவரைக்கும் ஒரு ஈ காக்காகூட உள்ளே வர முடியாது" என்றது பூட்டு.

மழைக்காலம் வந்தது. பின்சுவரில் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்குச் செங்கல் பெயர்ந்து விழுந்தது. தெருவைப் பார்த்தே தொங்கிய பூட்டுக்கு அது தெரியவில்லை.

கோடையில் ஒருவழியாகப் பெரிய மனிதர் வந்து ரிப்பனை வெட்டினார். பெருமையோடு வாயைத் திறந்த பூட்டு, சறுக்குமரத்தைப் பார்த்துத் திகைத்தது. அதன் பெயிண்டெல்லாம் தேய்ந்து, தகரம் கண்ணாடியாக மின்னியது.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க நல்லாத்தான் காவல் காத்தீங்க."

மறுநாள் கேட் விரியத் திறந்து கிடந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டி, சுவரைச் சுற்றிப் போய், ஓட்டை வழியாகவே வந்தார்கள்.

அடுத்த வருஷம் அந்த ஊரில் இரண்டாவது பூங்கா வந்தது. கொத்தனார் பின்சுவரில் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு இடம் விட்டே கட்டினார்.