பால் ஊற்ற வந்தவள்

அவன் கண் அவள் உதட்டைவிட்டு நகரவில்லை.

அவள் ஒரு கையில் பால் கிண்ணம். மறு கையில் கரண்டி. கட்டிலில் அப்பா. மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தது.

அசையட்டும். அந்த உதடு ஒரே ஒரு தடவை அசையட்டும். மயிரைப் பிடித்துத் தெருவில் தள்ள அவன் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

கூடப்பிறந்த தங்கச்சிதான். மாடத்தி என்று அப்பா ஆசையாக வைத்த பேர். கட்டிக்கொடுத்த ஊரில் கிறிஸ்தவத்தில் சேர்ந்து, முழுக்கு எடுத்துத் தொற்காள் ஆகிவிட்டாள். வாயில் நுழைகிற பேரா அது!

ஆனவள் அதோடு நின்றாளா?

கையில் துண்டுப் பிரசுரத்தோடு வந்து இதே வாசலில் நின்றாள். இயேசுவை அறியாமல் செத்தால் நரகமாம். அணையவே அணையாத நெருப்பாம். அப்பாவிடம் சொல்ல வேண்டுமாம். நல்லவேளை, அப்பா அன்றைக்கு வயலில் இருந்தார். காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு அவளை விரட்டினான். தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே போனாள்.

ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறாள் என்று ஊரெல்லாம் சொன்னான். அப்படித்தான் நம்பவும் செய்தான். வேறு எதற்கு ஒருத்தி மானத்தைவிட்டுத் தெருவில் அழுவாள்?

அதற்குப் பிறகு படி மிதிக்க விட்டதில்லை.

இப்போது விட வேண்டியதாகிவிட்டது. மகன் என்று அவன் பால் ஊற்றியாயிற்று. மருமகள் ஊற்றியாயிற்று. பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து ஊற்றியாயிற்று. எல்லாம் கடைவாயில் வழிந்தது. உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தது.

அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"ஏ கொண்டல்சாமி, பொம்பளப் புள்ள கையால வாங்காம இந்த உசிரு போவாதுலே. அவளக் கூப்புடு."

கூப்பிட்டான். வந்தவளை வாசலிலேயே மறித்தான்.

"அப்பாகிட்ட ஒஞ்சாமி பேச்சு ஒரு வார்த்த பேசக் கூடாது. அப்பா மேல சத்தியம் பண்ணு."

"நாங்க சத்தியம் பண்றதில்லண்ணே. பேச மாட்டேன்னு சொன்னா பேச மாட்டேன்."

அடேயப்பா, என்ன யோக்கியம்!

உள்ளே விட்டான். கட்டில் தலைமாட்டிலேயே காவல் நின்றான்.

அவள் கரண்டியைச் சாய்த்தாள்.

பால் இறங்கியது. அப்பாவின் தொண்டை அசைந்தது. அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். மகளைக் கண்டுகொண்டார்.

"தாயி... எதாச்சும் பேசு."

அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். வீடு தேடி வந்து சோறு கேட்பவள் மாதிரி பார்த்தாள்.

முடியாது என்று தலையை ஆட்டினான்.

பால் தலையணையில் சிந்தியது.

"குடிங்கப்பா" என்றாள்.

அவர் குடித்தார். இன்னும் ஏதோ கேட்க வருகிறவர் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே அடங்கிவிட்டது.

கொள்ளி வைத்துவிட்டு, தலை முழுகி, ஈர வேட்டியோடு அவன் திரும்பியபோது பொழுது சாயவில்லை. முற்றத்தில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் காணோம்.

கொல்லையில் கோழிக்கூண்டை ஒட்டித் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஜெயித்தவன் சும்மா இருப்பானா? அவனுக்கு நாக்கு அரித்தது.

"பரவால்லட்டி. சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. இந்த மாசம் கமிஷன்ல ஒரு தல கொறையும், என்ன?"

அவள் தலையைத் தூக்கினாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் எத்தனையோ அழுத முகங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இது அழுத முகம் இல்லை. பயந்த முகம். பிள்ளை கிணற்றில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவளுக்கு வருகிற பயம்.



அடிப்பாவி. இவள் நிசமாகவே நம்புகிறாள்.

கமிஷனும் இல்லை, கிமிஷனும் இல்லை. அந்த நெருப்பு இவளுக்குக் கதை இல்லை. அடுப்பு நெருப்பு மாதிரி, இப்போது அவன் வைத்துவிட்டு வந்த நெருப்பு மாதிரி, சுடுகிற நெருப்பு. அதில் அப்பா இருக்கிறார். அவர் வாய்விட்டுக் கேட்டும் இவள் சொல்லவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சொல்லவில்லை.

அவனுக்கு அதில் ஒரு மண்ணும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தாங்க முடியவில்லை. தாங்க முடியாதபோது அவனுக்கு வரத் தெரிந்தது கோபம் மட்டுந்தான்.

"சொல்லித் தொலச்சிருக்க வேண்டியதுதானட்டி!" என்று கத்தினான். "அவரே பேசுன்னு கேட்டாருல்லா? நான் யாருட்டி ஒன்னத் தடுக்க?"

முற்றத்தில் ஒப்பாரி ஒரு நிமிஷம் நின்று மறுபடியும் தொடங்கியது.

அவள் முகத்தைத் துடைத்தாள். பக்கத்தில் கிடந்த வைக்கோலைக் கையால் ஒதுக்கி இடம் பண்ணினாள்.

"அப்பாகிட்ட பேச மாட்டேன்னுதாண்ணே வாக்குக் குடுத்தேன். ஒங்கிட்ட பேச மாட்டேன்னு குடுக்கல."

"வாயப் பொத்துட்டி" என்றான்.

உட்கார்ந்துகொண்டுதான் சொன்னான்.